‘வாயை மூடு, கிரிங்கோ’: ஒரு கட்டுக்கதையும் சில பொய் அலாரங்களும்

இந்தக் கதையை நீங்கள் எங்கேயாவது கேட்டிருக்கலாம். தன்னம்பிக்கைப் பேச்சு, மேனேஜ்மென்ட் பயிற்சி வகுப்பு, பிரசங்கம் என்று பல இடங்களில் சுற்றும் கதை. 1984-ல் கொலம்பியாவின் அவியாங்கா விமானம் ஒன்று ஸ்பெயினில் மலையில் மோதி நொறுங்குகிறது. கறுப்புப் பெட்டியை எடுத்துக் கேட்டால், மோதுவதற்குப் பல நிமிடங்கள் முன்பிருந்தே ஒரு எந்திரக் குரல் ஆங்கிலத்தில் ‘புல் அப், புல் அப்’ என்று கத்திக்கொண்டிருக்கிறது. கடுப்பான விமானி ‘வாயை மூடு, கிரிங்கோ’ என்று திட்டிவிட்டு அந்தக் கருவியை அணைத்துவிடுகிறார். அடுத்த சில நிமிடங்களில் அத்தனை பேரும் சாவு. கிரிங்கோ என்பது லத்தீன் அமெரிக்காவில் அமெரிக்கர்களைக் குறிக்கும் கேலிச்சொல். நீதி என்னவென்றால், எச்சரிக்கையை அலட்சியம் செய்யாதே. எச்சரிக்கை என்பது மனசாட்சியா, டாக்டரா, கடவுளா, காலாண்டு விற்பனை அறிக்கையா என்பது பேச்சாளரைப் பொறுத்தது.

கதை நல்லாத்தான் இருக்கு. நான் இதை முதலில் ஒரு பயிற்சி வகுப்பு ஸ்லைடில் பார்த்தேன். அதில் ‘பல நிமிடங்கள்’ என்ற வார்த்தை மட்டும் உறுத்தியது. 1980-களின் தொழில்நுட்பத்தில் அப்படி ஒரு கருவி இருக்க வாய்ப்பே இல்லையே என்று தேட ஆரம்பித்தேன்.

நடந்தது இது. அவியாங்கா 011, போயிங் 747, பாரிஸிலிருந்து மாட்ரிட் வழியாக கராக்கஸ், பொகோட்டா போகவேண்டிய விமானம். 1983 நவம்பர் 27, நள்ளிரவு தாண்டி ஒரு மணி. மாட்ரிட்டின் பராஹாஸ் நிலையத்தில் இறங்க வரும்போது, தென்கிழக்கே மெஹோராதா தெல் காம்போ பக்கம் சிறு குன்றுகளில் மோதியது. 192 பேரில் 181 பேர் இறந்தார்கள். 11 பேர் பிழைத்தார்கள். (பொகோட்டாவில் நடக்கவிருந்த ஒரு எழுத்தாளர் சந்திப்புக்குப் போய்க்கொண்டிருந்த ஆங்ஹெல் ராமா, மார்த்தா த்ராபா, ஹோர்ஹே இபார்குவெங்கோய்த்தியா, மனுவேல் ஸ்கோர்சா நான்கு பேரும் அந்த விமானத்தில் இறந்தார்கள். லத்தீன் அமெரிக்க இலக்கியம் படிப்பவர்களுக்கு இந்த விபத்து அப்படித்தான் ஞாபகம் இருக்கும்.)

ஆக, கதையில் வருஷம் தப்பு. எல்லோரும் இறந்தார்கள் என்பது தப்பு. ‘கிரிங்கோ’வும் இல்லை, எச்சரிக்கைக் குரலுக்குக் கேப்டன் ஸ்பானிஷில் சொன்னது ‘சரி, சரி’ என்ற தொனியில் இரண்டு வார்த்தை. அவர் கருவியை அணைத்தார் என்று விசாரணை அறிக்கை சொல்லவில்லை. எச்சரிக்கை வந்தால் செய்யவேண்டியதை விமானிகள் செய்யவில்லை என்றுதான் சொல்கிறது.

‘பல நிமிடங்கள்’ பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துக் கருவியின் பெயர் ஜிபிடபிள்யூஎஸ், தரை நெருங்குவதைச் சொல்லும் எச்சரிக்கைக் கருவி. அதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கண் கிடையாது. விமானத்தின் வயிற்றிலிருந்து நேர் கீழே ரேடியோ அலை அனுப்பி, திரும்பி வரும் நேரத்தை வைத்து உயரம் அளக்கும் ரேடியோ ஆல்டிமீட்டர்தான் அதன் கண். அதுவும் சுமார் 2,500 அடிக்குள் இருந்தால்தான் வேலை செய்யும். கீழே இருக்கும் நிலம் வேகமாக மேலே ஏறி வருவதை வைத்து, ‘முன்னால் மலை இருக்கலாம்’ என்று ஊகிக்கும். செங்குத்தான மலை என்றால் அந்த ஊகத்துக்கே நேரம் இருக்காது. கிடைப்பது விநாடிகள். பல நிமிடம் கத்தும் எந்திரம் 1983-ல் எந்த விமானத்திலும் இல்லை.

பின்னே மாட்ரிட்டில் என்னதான் நடந்தது? இறங்கும் பாதையில் ஒரு புள்ளியைக் கடக்கவேண்டிய உயரம் 3,282 அடி. காக்பிட் பேச்சில் அது 2,382 ஆகிவிட்டது. இலக்கம் இடம் மாறியதில் 900 அடி காணாமல் போனது. ஓடுபாதையே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,000 அடி உயரத்தில் இருக்கும் ஊர் அது, மீதி எவ்வளவு என்று நீங்களே கழித்துக்கொள்ளுங்கள். தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதிலேயே விமானிகளுக்குத் தெளிவில்லை. தரைக் கட்டுப்பாட்டு அறை கொடுத்த தகவலும் துல்லியமாக இல்லை. திமிர் பிடித்த ஒரு ஆள், புத்திசாலியான ஒரு எந்திரம் என்ற இரண்டே பாத்திரங்களுக்குள் இதெல்லாம் அடங்காது. அதனால் கதை இதையெல்லாம் கழற்றி விட்டுவிடுகிறது.

சரி, விவரம் தப்பாக இருந்தாலும் சாரம் உண்மைதானே, எச்சரிக்கை வந்தும் கேப்டன் மேலே இழுக்கவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அனுபவமுள்ள ஒரு 747 கேப்டன், ராத்திரியில், இறங்கும்போது, ‘புல் அப்’ என்று கேட்டதும் ஏன் ‘சரி, சரி’ என்கிறார்? கதை தரும் பதில் ஆணவம். எனக்கு அது பதிலாகவே தெரியவில்லை. தன் உயிரும் அதே விமானத்தில் இருக்கும் ஒருவர் மலை இருக்கிறது என்று நம்பினால் அப்படிப் பேசமாட்டார். அவர் நம்பவில்லை. ஏன் நம்பவில்லை என்பதுதான் விஷயம்.

இதற்குக் கருவியின் பிறப்பிலிருந்து வரவேண்டும். டான் பேட்மேன் என்ற கனடாக்காரப் பொறியாளர், சியாட்டில் பக்கம் வேலை பார்த்தவர், 1960-களின் கடைசியிலிருந்து இதில் உழைத்தார். 1971-ல் அலாஸ்காவின் ஜூனோவில் இறங்க வந்த விமானம் மலையில் மோதி 111 பேர் இறந்தார்கள். 1974 டிசம்பரில் வாஷிங்டனின் டல்லஸ் நிலையத்தில் இறங்க வந்த டிடபிள்யூஏ 514 ஒரு மலைமுகட்டில் மோதி 92 பேர் இறந்தார்கள். இரண்டிலும் விமானத்தில் ஒரு கோளாறும் கிடையாது. அதற்குப் பிறகுதான் அமெரிக்கா பெரிய விமானங்களில் இதைக் கட்டாயமாக்கியது.

டிசைன் சிக்கல் எங்கே என்றால், இறங்குவது என்பதே தரையை நோக்கிப் போவதுதான். ஒவ்வொரு விமானமும் ஒவ்வொரு தடவையும் வேண்டுமென்றே தரையை நெருங்குகிறது. எந்திரம் சொல்லவேண்டியது ‘தரை வருகிறது’ என்று இல்லை, ‘தவறான இடத்தில் தரை வருகிறது’ என்று. எது சரியான இடம் என்று அதற்குத் தெரியாது. ஆகவே சக்கரம் இறங்கியிருக்கிறதா, ஃபிளாப் விரிந்திருக்கிறதா என்று பார்த்து, இரண்டும் ஆமாம் என்றால் ‘இவர்கள் இறங்கத்தான் போகிறார்கள்’ என்று எடுத்துக்கொண்டு பாதி எச்சரிக்கைகளைத் தளர்த்திக்கொள்ளும். புரோகிராமர்களுக்குப் பழக்கமான வேலை: சரியான தகவல் கையில் இல்லாதபோது, கிடைக்கும் தகவலை வைத்து ஒரு ‘இஃப்’ போடுவது. இந்த ‘இஃப்’ ஓட்டை இரண்டு பக்கமும் ஒழுகும். ஓடுபாதைக்கு முன்னால் ஒரு மேடு இருந்தால் தேவையில்லாமல் கத்தும். சக்கரம் இறக்கி, ஃபிளாப் விரித்து, ஒழுங்காக மலையை நோக்கிப் போனால் வாய் திறக்காது.

துறையில் இந்த வீண் கத்தலுக்கு இரண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். சென்சார் கெட்டுப்போய்க் கத்தினால் பொய் எச்சரிக்கை. கருவி வடிவமைத்தபடியே வேலை செய்து, ஆபத்து இல்லாத இடத்தில் கத்தினால் தொல்லை எச்சரிக்கை. பொறியாளருக்கு இந்த வேறுபாடு முக்கியம், முதலாவதுக்கு ரிப்பேர், இரண்டாவதுக்கு டிசைன் மாற்றம். காக்பிட்டில் உட்கார்ந்திருப்பவர் காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. இது என் கற்பனை எண், ஆய்விலிருந்து எடுத்ததில்லை. ஒரு விமானி முப்பது வருஷ சர்வீஸில் இந்தக் குரலை இருபது தடவை கேட்கிறார் என்று வையுங்கள். இருபதும் தொல்லை. விமானப் பயணம் பாதுகாப்பாக ஆக ஆக நிஜமாகவே மலைக்கு எதிரில் போகும் விமானம் குறையும். ஆகவே பெரும்பாலான விமானிகளுக்கு வாழ்நாள் முழுக்க ஒரு நிஜ எச்சரிக்கைகூட வராது. அவருடைய சொந்த அனுபவம் நூற்றுக்கு நூறு ‘இது பொய்’ என்றே சொல்லும். கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி. அனுபவத்திலிருந்து கற்றுக்கொள் என்று எல்லாருக்கும் சொல்கிறோமே, இங்கே அனுபவம் கற்றுக்கொடுப்பதே தப்பான பாடம். ‘சரி, சரி’ என்ற அந்த இரண்டு வார்த்தையை நான் இப்படித்தான் படிக்கிறேன். அந்தக் கேப்டன் மனதில் என்ன இருந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் ஆணவம் என்ற விளக்கத்துக்கு இருக்கும் ஆதாரத்தைவிட இதற்கு அதிகம் இருக்கிறது.

தொல்லை தாங்காமல் விமானிகள் மட்டும் காதைப் பொத்திக்கொள்ளவில்லை, நிறுவனங்களும் பொத்தியிருக்கின்றன. 1992 ஜனவரியில் ஸ்ட்ராஸ்பூர்கில் இறங்க வந்த ஏர் இன்டர் ஏ320, சாந்த் ஓடில் மலையில் மோதி 87 பேர் இறந்தார்கள். அன்றைக்கு உலகத்தின் நவீன விமானங்களில் ஒன்று, அதில் ஜிபிடபிள்யூஎஸ் பொருத்தவே இல்லை. உள்நாட்டுப் பயணங்களில் அதிவேகமாக இறங்குவது அந்த நிறுவனத்தின் வழக்கம், அந்த வேகத்துக்குக் கருவி சும்மா சும்மா கத்தும் என்பது அவர்கள் கவலை. பிரெஞ்சு விதியும் அப்போது வற்புறுத்தவில்லை.

இதையெல்லாம் விட என்னை உலுக்கியது குவாம்.

1997 ஆகஸ்ட் 6, கொரியன் ஏர் 801, மறுபடியும் ஒரு 747, மறுபடியும் நள்ளிரவு தாண்டி, மழை. குவாம் ஓடுபாதைக்குச் சரிவு காட்டும் கிளைட்ஸ்லோப் சிக்னல் அன்றைக்குப் பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. படிப்படியாக இறங்க வேண்டிய அப்ரோச்சில் விமானம் படிகளைத் தாண்டி இறங்கி, ஓடுபாதைக்கு மூன்று மைல் முன்னால் நிமிட்ஸ் குன்றில் மோதியது. 254 பேரில் 228 பேர் இறந்தார்கள். சக்கரமும் ஃபிளாப்பும் இறங்கியிருந்ததால், மேலே சொன்ன அதே ‘இஃப்’ காரணமாக, காக்பிட் கருவி கடைசி நேரத்தில் ‘சிங்க் ரேட்’ என்று மட்டும் சொன்னது, அதாவது இறங்கும் வேகம் அதிகம். துணை விமானி ‘சிங்க் ரேட் ஓகே’ என்றார். மாட்ரிட்டின் ‘சரி, சரி’க்கும் இதற்கும் பதினான்கு வருஷ இடைவெளி.

ஆனால் குவாமில் இன்னொரு காவல்காரன் இருந்தான், தரையில். எம்சாவ் என்று ஒரு மென்பொருள். ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்து, ஒரு விமானம் அந்த இடத்துக்கான குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே போனால் கட்டுப்பாட்டாளருக்கு அலாரம் அடிக்கும், அவர் ரேடியோவில் விமானிக்குச் சொல்வார். குவாமில் இது தேவையில்லாமல் நிறைய அடித்துக்கொண்டிருந்தது. தொல்லையைக் குறைக்க மென்பொருளை மாற்றினார்கள். எப்படி? நிலையத்தைச் சுற்றி 54 கடல் மைல் ஆரத்துக்குள் அலாரம் அடிக்காதே என்று. கணினியின் எல்லை 55 கடல் மைல். மிஞ்சியது ஒரு மைல் அகலத்தில் ஒரு வளையம், அதுவும் முழுக்க முழுக்கப் பசிபிக் கடலுக்கு மேலே. குவாம் தீவின் நீளமே முப்பது மைல்தான்.

இதைப் படித்தபோது நான் திரும்பத் திரும்பப் பார்த்தது ஒரே ஒரு விஷயத்தை. இந்த மாற்றத்தை யாரும் ரகசியமாகச் செய்யவில்லை. புகார் வந்தது, கோரிக்கை போனது, மாற்றம் எழுதப்பட்டது, நிறுவப்பட்டது. 1995-ல் ஆய்வுக்கு வந்தவர்கள் எம்சாவ் முடக்கப்பட்டிருப்பதைக் குறித்தும் வைத்தார்கள். குறித்து வைத்ததோடு சரி. அலாரம் தொல்லை தீர்ந்தது, புகார் நின்றது, எல்லா அளவுகோலிலும் அது வெற்றிகரமான மாற்றம். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தச் சங்கிலி புதுசில்லை. நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் சர்வர் அலாரம் மெயில்களை டீம் முழுக்க ஃபில்டர் போட்டுத் தனி ஃபோல்டருக்குத் தள்ளிவிட்டிருந்தது. புதிதாகச் சேருபவருக்கு முதல் நாளே அந்த ஃபில்டரை எப்படிப் போடுவது என்று சொல்லித்தருவார்கள்.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் குவாம் விபத்துக்கு முதல் காரணமாகச் சொன்னது கேப்டனும் மற்ற இருவரும் அப்ரோச்சைக் கையாண்ட விதத்தை. துணைக் காரணங்களில் ஒன்றாக, எம்சாவை விமானத்துறை நிர்வாகம் வேண்டுமென்றே முடக்கியதையும் எழுதியது. அலாரம் இயங்கியிருந்தால் மோதலுக்குச் சுமார் ஒரு நிமிடம் முன்னால் அடித்திருக்கும் என்றும் கணக்கிட்டது. ஒரு நிமிடம் என்பது ஜிபிடபிள்யூஎஸ் கொடுக்கும் விநாடிகளோடு ஒப்பிட்டால் பெரிய ஆஸ்தி. இந்த விபத்தைக் ‘கிரிங்கோ’ பாணியில் சொல்ல முடியாது. எச்சரிக்கையை அணைத்தவர் இதிலே காக்பிட்டிலேயே இல்லை. அவர் விமானியும் இல்லை. கூட்டத்தில் உட்கார்ந்து நியாயமான ஒரு புகாருக்குத் தீர்வு கண்ட ஆட்கள்.

பேட்மேன் குழு இதற்கெல்லாம் சும்மா இருக்கவில்லை. கருவிக்கு இடம் தெரியாததுதான் மூலக் குறை என்று புரிந்து, உலகத்தின் நில உயர வரைபடத்தையே உள்ளே வைத்தார்கள். சோவியத் யூனியன் உடைந்த பிறகு அவர்களுடைய ராணுவ நில வரைபடத் தரவுகளை வாங்கிச் சேர்த்தது தனிக் கதை. 1990-களின் நடுவில் வந்த இந்த மேம்பட்ட கருவிக்கு ஜிபிஎஸ் மூலம் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியும், முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியும், ஓடுபாதை எங்கே என்று தெரியும். விநாடிகள் இருந்த இடத்தில் அரை நிமிடம், ஒரு நிமிடம் கிடைத்தது. தொல்லை பெருமளவு குறைந்தது, மலையில் மோதும் விபத்துகளும் குறைந்தன. இதை யாரும் மறுக்க முடியாது. கருவியைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை.

ஆனால் சந்தேகம் ஒழியவில்லை, இடம் மாறியது. முன்பு ‘சென்சார் கெட்டுப்போச்சு’ என்றார்கள், இப்போது ‘டேட்டாபேஸ் சரியில்லை’. 2010-ல் போலந்து அதிபர் சென்ற விமானம் இறங்கப் பார்த்த ஸ்மோலென்ஸ்க் ராணுவ ஓடுதளம் கருவியின் பட்டியலில் இல்லை, எப்படி இறங்கினாலும் கத்தும் இடம் அது. 2012 மே 9 அன்று இந்தோனேசியாவில் நடந்தது இன்னும் தெளிவு. சுகோய் சூப்பர்ஜெட்டை வாங்கக்கூடியவர்களுக்குக் காட்டுவதற்காகப் பறந்த விமானம், மேகத்துக்குள், 6,000 அடியில். சலாக் மலை 7,000 அடிக்கு மேல். மோதுவதற்கு 38 விநாடிகள் முன்னால் கருவி எச்சரித்தது. தலைமை விமானி டேட்டாபேஸ் பிரச்சினை என்று எடுத்துக்கொண்டு அதை அணைத்தார். 45 பேர் இறந்தார்கள். முதல் எச்சரிக்கைக்குப் பிறகு 24 விநாடிகள் வரைக்கும்கூட மேலே ஏற்றித் தப்பியிருக்கலாம் என்று விசாரணைக் குழு சோதித்துச் சொன்னது. கவனியுங்கள், கட்டுக்கதையில் வரும் ‘அணைத்துவிட்டார்’ உண்மையில் நடந்தது இங்கேதான். திட்டவில்லை, கோபப்படவில்லை. ஒரு தொழில்நுட்ப முடிவு எடுத்தார், முடிவு தப்பு. ஜகார்த்தா ரேடாரின் எம்சாவும் அந்த மலைப்பகுதியைக் காக்கும் நிலையில் இல்லை என்று அதே அறிக்கை சொல்கிறது. பதினைந்து வருஷத்துக்குப் பிறகும் குவாம்.

இப்போது நடப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. 2023 கடைசியிலிருந்து ஈராக், இஸ்ரேல், லெபனான், கருங்கடல் பக்கம் பறக்கும் விமானங்களுக்குப் போலி ஜிபிஎஸ் சிக்னல்கள் வருகின்றன. டிரோன்களைத் திசைதிருப்பப் போடுவது, பயணிகள் விமானமும் சேர்ந்து மாட்டிக்கொள்கிறது. முப்பதாயிரம் அடிக்கு மேல் தெளிந்த வானத்தில் ‘புல் அப்’ என்று கத்துகிறது கருவி. அதைவிட மோசம், அந்தப் பகுதியைத் தாண்டி மணிக்கணக்கான பிறகும் உள்ளே புகுந்த தப்பான எண் தங்கிவிடலாம். வேறு ஏதோ ஒரு நாட்டில், அமைதியான ஒரு ஊரில், இறங்கும்போது எச்சரிக்கை வரும். மேலே சொன்ன பெயர்ப் பட்டியலில் இது எதில் சேரும்? கருவி கெடவில்லை, டிசைனும் மாறவில்லை, வெளியிலிருந்து ஒருவர் பொய் சொல்கிறார்.

விமானிகளுக்குப் பல நிறுவனங்களில் இருக்கும் விதி எளிமையானது. பகல் வெளிச்சத்தில் நிலம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தால் யோசிக்கலாம், ராத்திரியோ மேகமோ என்றால் யோசிக்காமல் மேலே இழு, பிறகு பேசிக்கொள்ளலாம். மாட்ரிட், குவாம், சலாக் மூன்றுக்கும் சேர்த்து எழுதிய மாதிரி விதி. சொந்த அனுபவத்தை நம்பாதே என்று சொல்லாமல் சொல்லும் விதி. போலி ஜிபிஎஸ் இந்த விதியின் மேல்தான் கைவைக்கிறது. காக்பிட்டில் நில வரைபட எச்சரிக்கையை மட்டும் நிறுத்த ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் ரேடியோ ஆல்டிமீட்டரை நம்பும் பழைய எச்சரிக்கைகள் மட்டும் மிஞ்சும், அதாவது பேட்மேனின் முதல் கருவி, விநாடிகள் மட்டும் கொடுக்கும் அந்த 1970-களின் கருவி. போலி சிக்னல் பகுதிக்குள் நுழையும்போது அந்தப் பொத்தானை அழுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பிறகு ஐந்தாறு மணி நேரம் கழித்து, ராத்திரியில், களைப்பில், மலை சூழ்ந்த ஒரு ஓடுபாதைக்கு இறங்கத் தொடங்கும் முன் அதைத் திரும்ப எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டாலும், ஜிபிஎஸ் உண்மையாகவே தெளிந்துவிட்டதா என்பது அந்தப் பொத்தானைப் பார்த்துத் தெரியாது.